லவோன் வீட்டு ஆப்பிள் மரம்

யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் சாலையோரத்தில் ஒரு கரடி தலை காட்டினால் போதும், வண்டிகள் அப்படியே நின்றுவிடும். கதவைக்கூடச் சாத்தாமல் மனிதர்கள் இறங்கி ஓடுவார்கள். அங்கே வேலை செய்பவர்கள் இதற்குக் 'கரடி நெரிசல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நெரிசலின் நடுவே மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் மிளகு ஸ்ப்ரே தொங்க, குட்டையாக ஒரு பெண்மணி நின்று கொண்டிருந்தால் அது லவோன் ஹௌகன்தான்.

"சார், கரடி உங்களைப் பார்க்கலைன்னு நினைக்காதீங்க. அது எப்பவோ பார்த்தாச்சு. பின்னாடி வாங்க."

"சும்மா ஒரே ஒரு படம் மேடம்."

"அங்க நின்னு எடுத்தாலும் படம்தான். இங்க நின்னு எடுத்தா, அதை வேற யாராவதுதான் உங்க வீட்டுக்கு அனுப்பணும்."

சிரித்துக்கொண்டே சொன்னால் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளலாம். லவோன் சிரிக்க மாட்டாள். குழந்தைகள் அவளைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். கூட வேலை செய்யும் இளைஞர்கள் கரடிகளுக்குச் செல்லப்பெயர் வைப்பார்கள். அவள் அதையும் கண்டிப்பாள். "பேர் வச்சா நாளைக்குச் சோறு வைக்கத் தோணும்" என்பாள்.

இது சம்பளமில்லாத வேலை. பனி உருகிச் சாலை திறந்ததிலிருந்து மறுபடி மூடும்வரை வாரத்தில் பாதி நாள் அங்கே நிற்பாள். மீதி நாட்களில் அவளது கண்டிப்பு ஊருக்குள் செல்லுபடியாகும்.

ஊர் ஹார்ன்பெண்ட். பூங்காவின் வடக்கு எல்லையில் ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூங்கா, இந்தப் பக்கம் வீடுகள். எல்க் மான்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தபால் நிலையத்தின் புல்வெளியில் படுத்து அசைபோடும். காட்டெருமை தெருவில் நின்றால் அன்று பள்ளிப் பேருந்து தாமதமாக வரும், அவ்வளவுதான். ஆனால் கரடி ஊருக்குள் வந்தால் கதை வேறு. பழைய வீடு ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பிள் மரம் இருக்கிறது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கரடிக்கு வரும் பசி சாதாரணப் பசி அல்ல. பகலும் இரவும் தின்றுகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆப்பிளும் பழுக்கிறது.

ஆகவே ஆகஸ்ட் கடைசியில், நீண்ட கழியின் நுனியில் பை கட்டிய பழம் பறிக்கும் கோலைத் தோளில் சாத்திக்கொண்டு லவோன் வீடு வீடாகப் போவாள். பழத்தைப் பறித்தாயா, உதிர்ந்ததைப் பொறுக்கினாயா என்று கேட்பாள். இல்லை என்றால் வாசலிலேயே நின்று, அவர்கள் ஏணி எடுத்துவரும்வரை காத்திருப்பாள்.

"வந்துட்டாங்கப்பா கரடி கான்ஸ்டபிள்" என்று பக்கத்து வீட்டு ஆர்லோ சத்தமாகவே சொல்வான். ஆர்லோ ஒரு காலத்தில் கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றி மலைக் குடில்களுக்குச் சாமான் கொண்டுபோனவன். முழங்கால் இரண்டும் தேய்ந்தபின் கழுதைகளை விற்றுவிட்டுக் கோழி வளர்க்கிறான். கோழிக்கூட்டைச் சுற்றி மின்கம்பி வேலி. அந்த வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று லவோன் தினமும் கேட்பாள். "நீயே தொட்டுப் பாரேன், உனக்கும் ஒரு சந்தோஷம், எனக்கும் ஒரு சந்தோஷம்" என்பான் அவன்.

அவளது கண்டிப்புக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. அவள் கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவள். பதினேழு வயதில் கோடை வேலைக்கென்று பூங்கா விடுதியின் சலவைக் கூடத்துக்கு வந்தாள். அந்தக் காலத்தில் கரடிகள் சாலையோரம் நின்று பிச்சை எடுத்தன. கார் ஜன்னல் வழியே ரொட்டி கொடுப்பதைத்தான் மக்கள் பூங்கா பார்ப்பது என்று நினைத்திருந்தார்கள். காட்டுக்குள்ளிருந்த குப்பைமேடுகளில் க்ரிஸ்லி எனும் பெரிய பழுப்புக் கரடிகள் கூட்டமாக மேய்ந்தன. சலவைக் கூடத்தின் பின்வாசலுக்கும் ஒரு கருங்கரடி வரும். பெண்கள் ஜாம் தடவிய ரொட்டியை எறிவார்கள். லவோனும் எறிந்திருக்கிறாள். அது பின்னங்கால்களில் நின்று வாங்கிக்கொள்ளும்போது சந்தோஷத்தில் கத்தியிருக்கிறாள். பிறகு குப்பைமேடுகளை மூடினார்கள். ரொட்டி கொடுப்பது குற்றம் என்றார்கள். சரியான முடிவுதான். ஆனால் அதைக் கரடிகளிடம் யார் சொல்வது? அந்தக் கருங்கரடி இரண்டு நாள் பின்வாசலில் காத்திருந்தது. மூன்றாம் நாள் சமையல்கூடக் கதவைப் பிளந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது லவோன் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

அன்பு என்று நாம் நினைப்பதில் எவ்வளவு நம்முடைய மகிழ்ச்சிக்கானது என்ற கேள்வி அவளுக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது. விடை தெரியாத கேள்வியை விதியாக மாற்றிக்கொண்டு வாழ்வது ஒரு வழி. லவோன் அந்த வழியில் போனாள்.

பூங்காவின் பனி அகற்றும் வண்டி ஓட்டிய டெல்மரைக் கல்யாணம் செய்துகொண்டு ஹார்ன்பெண்டிலேயே தங்கிவிட்டாள். டெல்மர் அதிகம் பேசாதவன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரன். அவன் நட்ட ஆப்பிள் மரத்தில் உச்சிப் பழங்களை உறைபனி விழும்வரை பறிக்க விடமாட்டான்.

"பனி கடிக்காத ஆப்பிள் வெறும் தண்ணி, லவோன். பனி பட்டாத்தான் இனிப்பு இறங்கும்."

ஊரில் எல்லோருக்கும் அந்த எண்ணம்தான். முதல் உறைபனிக்குப் பின் வரும் சனிக்கிழமை, தீயணைப்புக் கூடத்தின் முன்னால் பழைய மரச் செக்கைக் கொண்டுவந்து வைத்து ஆளாளுக்குச் சாறு பிழிவார்கள். அதற்காக மரத்தின் கீழ்க்கிளைகளைப் பறித்துவிட்டு உச்சியை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். லவோன் அந்த வழக்கத்தோடு பல வருடம் சண்டை போட்டாள். வீட்டுக்குள்ளேயே தோற்றாள். டெல்மர் இறந்து நான்கு குளிர்காலம் போய்விட்டது. இப்போது யாரும் அவளைத் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் அவள் உச்சியை விட்டுவைத்தாள். கேட்டால் ஏணி எட்டவில்லை என்பாள்.

அந்த வருடம் கோடை முழுதும் அவள் ஒரே கரடியின் பக்கத்தில்தான் நின்றாள். சாலையை ஒட்டிய சரிவில் தாய் க்ரிஸ்லி ஒன்று, அவ்வருடம் பிறந்த குட்டியோடு, சேஜ் புதர்களுக்கிடையே வேர் தோண்டித் தின்றது. இடது முன்பாதம் சற்று உள்பக்கம் வளைந்திருக்கும். குட்டிகளைக் கொல்லும் ஆண் கரடிகள் சாலைப் பக்கம் வராது என்பதால் குட்டிக்கு அங்கே பாதுகாப்பு. மனிதக் கூட்டத்தைக் காவலாக வைத்துக்கொண்டு ஒரு தாய் குட்டியை வளர்க்கிறாள்; அந்தக் கூட்டத்துக்கு லவோன் காவல். அவள் அந்தக் கரடிக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் வேலை இல்லாத நாட்களிலும் அந்தச் சரிவுப் பக்கமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஜூன் மாதத்தில் அந்தக் கரடி ஒரு தவறு செய்திருந்தது. ஆற்றைக் கடந்து வந்து, ஊரின் கடைசி வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த நாய்த் தீனிப் பையைக் காலி செய்துவிட்டது. ஊர்ப்பக்கம் வரும் கரடிகளைக் கவனிக்கும் அரசு ஆள் ரீட் கான்ராய் அப்போதே சொல்லியிருந்தான்: "குட்டி இருக்கேன்னு இந்தத் தடவை விட்டுட்டேன். திரும்ப ஊருக்குள்ள வந்து எதையாவது தின்னா எனக்கு வேற வழியில்ல லவோன்." வேறு வழி என்றால் என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை. லவோன் காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். ஆப்பிள் மரத்தின் மேல்கிளை ஒன்று முறிந்து தோல் மட்டும் பிடித்துத் தொங்கியது. வெளியே போனாள். புல்லில் பாதி மென்ற பழங்கள். வேலியோரம் சாணம், அதில் சரியாக மெல்லாத ஆப்பிள் துண்டுகள். மண்ணில் பெரிய தடம், அதன் பக்கத்தில் சின்னத் தடம். பெரியதில் இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது.

அவள் நின்றாள். கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. ரீட்டைக் கூப்பிட வேண்டும். எத்தனையோ பேருக்கு அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்: மறைக்காதே, மறைத்தால் கரடி திரும்ப வரும், வந்தால் செத்துப்போகும். ஒரே வாக்கியத்தை வருடக்கணக்கில் பிறருக்குச் சொல்பவருக்கு, அது தன் பக்கமும் திரும்பும் என்பது ஒரு கட்டத்தில் மறந்துபோகிறது. அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். கூப்பிட்டால் அந்தத் தாய் சாகும். குட்டி ஏதாவது ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போகும், அதுவும் இடமிருந்தால்.

கோப்பையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். சாணத்தை வாளியில் அள்ளி ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டினாள். தடங்களின் மேல் சருகு வாரும் கோலை இழுத்தாள். தொங்கிய கிளையை ரம்பத்தால் அறுத்து விறகோடு விறகாகப் போட்டாள். பிறகு ஏணியைச் சாத்தி உச்சிப் பழங்கள் எல்லாவற்றையும் பறித்தாள். ஏணி நன்றாகவே எட்டியது.

அன்று அவளுக்குச் சாலை வேலை இருந்தது. சரிவில் அந்தத் தாய் வயிறு நிறைந்து, பகல் வெளிச்சத்தில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. குட்டி அதன் மேல் ஏறி இறங்கியது. கூட்டம் குழைந்துபோய் நின்றது.

"அது என்ன சாப்பிடும் மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வேரு, புல்லு, எறும்பு..." என்று ஆரம்பித்த லவோன் நிறுத்திவிட்டாள். "கிடைச்சதைச் சாப்பிடும்" என்றாள்.

மாலையில் வீடு திரும்பியபோது ஆர்லோவின் வாசலில் ரீட்டின் வண்டி நின்றது. அதன் பின்னால் சக்கரங்கள் மேல் ஏற்றிய பெரிய இரும்புக் குழாய். ஒரு முனையில் கம்பி வலை, மறுமுனையில் தொங்கு கதவு. உள்ளே இறைச்சியைத் தொங்கவிட்டால் கரடி அதை இழுக்கும், கதவு விழும். அந்தக் குழாய் தெருவில் வந்தால் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

ஆர்லோவின் கோழி வேலியில், அவள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துப் பக்கம், ஒரு கம்பம் சாய்ந்திருந்தது. ரீட் மண்டியிட்டு ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தில் யாரும் சருகு வாரவில்லை; தடங்கள் அப்படியே இருந்தன.

"கரண்ட் ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்கிறேன்!" ஆர்லோ கத்தினான். "ஒரு கோழி குறையலை. எண்ணிப் பாரு. வேணும்னா ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூப்பிடவா?"

"கோழி குறையலை, நல்லதுதான். ஆனா தாயும் குட்டியும் ராத்திரி உங்க வேலியில சாஞ்சிருக்கு. கோழி வாசனை பிடிச்சுத்தான் வந்திருக்கும். வேற என்னத்துக்கு இந்தச் சந்துல வரும்?"

"என்னைக் கேட்டா? அதைக் கேளு."

"ஆர்லோ, கோழிக்குப் பழகின கரடியை என்னால விட முடியாது. குட்டிக்கும் அதைத்தான் கத்துக்கொடுக்கும். இன்னிக்குப் பொறியை வைக்கிறேன். அப்புறம், இந்தக் கோழிங்களும் இங்க இருக்கக் கூடாது. வார முடிவுக்குள்ள எங்கயாவது கொடுத்திடுங்க."

ஆர்லோ சாய்ந்த கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்த முயன்றான். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

லவோன் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். காலையில் வேலிக்கம்பத்தில் விட்டுப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினாள். மறுபடி கழுவினாள். கரடியைக் காப்பாற்றத்தான் மறைத்தாள். மறைத்ததில் ஆப்பிள் என்ற காரணம் காணாமல் போய்க் கோழி மட்டும் மிச்சமிருந்தது. மேயப் போன இடத்தின் தடயத்தை அழித்துவிட்டதால், போகும் வழியில் உரசிய வேலியே அந்தக் கரடியின் குற்றமாகிவிட்டது.

வெளியே வந்து அந்தச் சந்தின் குறுக்கே நடந்தாள்.

"ரீட். அது கோழிக்கு வரலை. என் மரத்துக்கு வந்துச்சு."

ரீட் நிமிர்ந்தான். "உங்க மரத்துக்கா?"

"உச்சிப் பழத்தை விட்டு வச்சிருந்தேன். காலையில பார்த்தேன். சாணத்தை ஆத்துல கொட்டிட்டேன். தடத்தை அழிச்சுட்டேன்."

ரீட் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான்.

"நீங்களா?" என்றான் ரீட்.

ஆர்லோ தலையை அண்ணாந்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அதில் சந்தோஷம் இல்லை. "தினமும் என் வேலியைப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டியே கான்ஸ்டபிள்! கரண்ட் இருக்கா, கரண்ட் இருக்கான்னு. நான் இங்க நின்னு தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன், நீ உள்ள பாத்திரம் கழுவிட்டு இருந்தே."

"ஆமா" என்றாள் லவோன்.

"ஆமாவாம்."

ரீட் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினான். "லவோன், நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா வாய் வார்த்தையை வச்சு நான் மேலதிகாரிங்ககிட்ட என்ன சொல்ல? கரடிக்காக இந்தம்மா எதை வேணா சொல்லுவாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் அவனை மரத்தடிக்கு அழைத்துப் போனாள். கிளையை அறுத்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் சாணத்தை அள்ளலாம், மண்ணைச் சீவலாம். அடிமரத்தின் பட்டையில் நெடுக்க இறங்கிய நகக் கீறல்களை என்ன செய்ய முடியும்? காலையில் அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. கீறல் ஒன்றின் விளிம்பில் நுனி வெளுத்த பழுப்பு முடி சிக்கியிருந்தது. ரீட் அதை எடுத்து ஒரு காகித உறையில் போட்டான். பறித்து வைத்திருந்த பழக் கூடைகளைப் பார்த்தான். அறுத்த கிளையை விறகுக் குவியலிலிருந்து இழுத்துப் புரட்டினான்.

"ஜூன்ல சொன்னேன்தான். ஆனா ஆப்பிள்னா வேற கதை" என்றான் கடைசியில். "எந்த வீட்டையும் உடைக்கலை, எந்த உயிரையும் தொடலை. ஆப்பிள் இல்லைன்னா வர்றதுக்குக் காரணமும் இல்லை. ஆனா அது திரும்ப வரும். ஒரு தடவை கிடைச்ச இடத்தை மறக்காது. வரும்போது இந்த ஊர்ல ஒரு மரத்துல ஒரு பழம் இருந்தாலும் கதை முடிஞ்சுது. பொறியைச் சந்துலயே நிறுத்துறேன். கதவைப் பூட்டி வைக்கிறேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள ஊர் காலியா இருந்தா பூட்டினபடியே இருக்கும். இல்லைன்னா திறப்பேன்."

"என் கோழி?" என்றான் ஆர்லோ.

"உங்க கோழி இருக்கலாம். கம்பத்தை மட்டும் நேராக்குங்க."

மறுநாள் விடிந்ததும் லவோன் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். போன மாதம் போன அதே வீடுகள். எல்லா மரங்களிலும் உச்சியில் பழம் இருந்தது.

தபால் நிலையத்துக்கு எதிர் வீட்டுக்காரன் கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன, இன்னும் உறைபனி விழலையே?"

"விழறதுக்குள்ள பறிக்கணும். இன்னிக்கே."

"உங்க வீட்டு உச்சியிலயும்தானே தொங்கிட்டு இருந்துச்சு? லவோனே விட்டு வச்சிருக்காங்கன்னுதான் நாங்களும் விட்டோம்."

அவள் நான்கு வருடமாக ஊர் முழுக்க ஒன்று சொன்னாள். அவள் மரம் வேறொன்று சொன்னது. ஊர், மரம் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறது. இதை அவள் அந்த வாசலில் நின்றபோதுதான் அறிந்தாள்.

"நான் செஞ்சது தப்பு" என்றாள். "கரடி என் மரத்துக்குத்தான் வந்துச்சு. நான் அதை மறைச்சேன். அதனால ஆர்லோ கோழி போயிருக்கும், கரடியும் செத்திருக்கும். ஏணியைக் கொண்டு வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

வீட்டுக்கு வீடு அதையே சொன்னாள். சிலர் உடனே ஏணி எடுத்தார்கள். சிலர் நன்றாக அனுபவித்தார்கள். சலவைக்கடைக்காரி பெவ்வின் நாயை லவோன் சங்கிலியில்லாமல் பார்த்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. பெவ் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, சரியாக் கேட்கலை" என்றாள். லவோன் இன்னொரு தடவை சொன்னாள். பெவ்வுக்கு அதற்குமேல் அந்த விளையாட்டில் ருசி இல்லாமல் போய்விட்டது. "சரி, பக்கத்துத் தெருவை நான் பார்த்துக்கறேன்" என்று மேல்சட்டையை மாட்டிக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் ஆர்லோ தன் பழைய வண்டியில் வந்து சேர்ந்தான். அவனால் ஏணி ஏற முடியாது. கூடைகளை வாங்கி வண்டியில் அடுக்கினான். இரண்டு தெரு முடியும்வரை அவளோடு பேசவில்லை. மூன்றாவது தெருவில், "மேல ஒண்ணு விட்டுட்டே" என்றான். "எங்க?" "அங்க, இலைக்குப் பின்னாடி. கண்ணாடி போட்டும் தெரியலையா?" அப்புறம் பேச்சு தானாக வந்தது.

கடைசியாக அவள் வீட்டுக்கு வந்தார்கள். ஆர்லோ வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"வெட்டிடலாமா? வண்டியில ரம்பம் இருக்கு. அடுத்த வருஷம் தொல்லையே இல்ல."

அவளுக்கு அது எளிதாக இருந்திருக்கும். ஊரே பார்க்கும், கதையாகவும் பேசப்படும், டெல்மரின் மரத்தையே வெட்டினாளாம் என்று சொல்வார்கள். ஒருவிதத்தில் அது அவளைக் கழுவியும் விடும்.

"வேண்டாம்" என்றாள். "வெட்டினா தப்பு மரத்தோடதுன்னு ஆயிடும். ஆகஸ்ட்லயே உச்சி வரைக்கும் பறிக்கறேன். வருஷா வருஷம்."

"பனி படாம சாறு தண்ணியா இருக்குமே."

"தண்ணியா இருக்கட்டும்."

அன்று இருட்டுவதற்குள் ஹார்ன்பெண்டில் ஒரு மரத்திலும் பழம் இல்லை. ரீட் கைவிளக்கோடு தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டுப் போனான். பொறி சந்தில் பூட்டியபடி நின்றது.

அடுத்த நாள் இரவில் முதல் உறைபனியும், அதோடு மெல்லிய பனிப்பொழிவும் வந்தன. காலையில் லவோன் கதவைத் திறந்தபோது முற்றம் முழுக்க வெள்ளை. அதன்மேல் தடங்கள். பெரியது, பக்கத்தில் சின்னது. ஆற்றிலிருந்து ஏறி, பொறியைத் தாண்டி, நேராக மரத்தடிக்கு வந்திருந்தன. அங்கே பனி கலைந்திருந்தது. தாய் பின்னங்கால்களில் எழுந்து மரத்தில் கை வைத்திருக்கிறது. பட்டையில் புதுக் கீறல். குட்டி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. பிறகு தடங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய், பக்கத்து வீட்டு மரத்தடியிலும் அதற்கடுத்த மரத்தடியிலும் நின்று, அங்கிருந்து திரும்பி ஆற்றுக்குள் இறங்கிவிட்டன. அக்கரையில் மலை ஏறும் தடம் இங்கிருந்தே கோடாகத் தெரிந்தது.

ரீட் வந்து தடத்தின் கூடவே ஆறு வரை நடந்துவிட்டுத் திரும்பினான். கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"போயிடுச்சு. மேல பைன் மரக் காட்டுல விதை தேடப் போகும். இந்த வருஷம் இனிமே வராதுன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"கேட்கலை" என்றாள் லவோன்.

அவன் பொறியை வண்டியோடு மாட்டினான். கொக்கியைப் பூட்டிவிட்டும் கிளம்பாமல் நின்றான். "பூங்கா ஆட்கள்கிட்ட நடந்ததைச் சொல்லியாகணும் லவோன். மறைச்சதை நான் மறைக்க முடியாது."

"நேத்தே போய்ச் சொல்லிட்டேன். மஞ்சள் சட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போகச் சொன்னாங்க. அடுத்த வருஷம் வேண்டாம்னுட்டாங்க."

"அதுக்கடுத்த வருஷம்?"

"அதை நான் கேட்கலை, அவங்களும் சொல்லலை."

ரீட் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான். இரும்புக் குழாய் காலியாகக் கடகடத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

ஆர்லோ வேலியின் அந்தப் பக்கம் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தான். கம்பம் நேராக நின்றது, யாரோ உதவியிருக்கிறார்கள். "சட்டை போச்சா?" என்று கேட்டான்.

"போச்சு."

"வருத்தமா?"

லவோன் அக்கரை மலையைப் பார்த்தாள். வெயில் ஏற ஏறத் தடக்கோட்டின் கீழ்ப்பகுதி உருகி மறைந்துகொண்டிருந்தது. மேல்பகுதி மட்டும் நிழலில் இன்னும் தெரிந்தது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு கோடுகள்.

"இருக்கு" என்றாள். "ஆனா ரெண்டும் உயிரோட மேல போயிட்டு இருக்கு."

பிறகு, அவனுடைய வேலிக்கம்பியைக் கையால் காட்டிக் கேட்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆர்லோ காத்திருந்தான். அவள் கேட்கவில்லை என்றதும் அவனே சொன்னான்:

"கரண்ட் ஓடிட்டுத்தான் இருக்கு, போ."